துபாஷிக்கு வேலை இல்லை

அத்தியாயம் 17

காலையில் துபாஷி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவளுடைய மேசை நடைவழியில் கிடந்தது.

மரியாதையாகத்தான் கிடந்தது. மேலே அகராதி, பேனாக் குவளை, மூக்குக் கண்ணாடிக் கூடு எதுவும் இடம் மாறவில்லை. அவளுடைய அலுவலக அறைக்குள்ளிருந்து சுவரில் துளை போடும் சத்தம் வந்தது. பெரிய திரை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வீடியோ கால் பேசறதுக்கு அக்கா," என்றான் தம்பி, போனிலிருந்து தலை தூக்காமல். "உன் ரூம்லதான் சிக்னல் நல்லா கிடைக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே. அதுக்கப்புறமும் எடுக்கத்தான் போறோம். எதுக்கு ரெண்டு வேலை?"

துபாஷி நாற்காலி எங்கே என்று தேடினாள். நாற்காலி திரைக்கு எதிரே போயிருந்தது.

அவளுடைய சொந்தப் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான். வீட்டில், வீட்டை ஒட்டிய கையுறைத் தொழிற்சாலையில், துறைமுகத்தில், எங்கேயும் அவள் துபாஷி. இரண்டு பாஷைக்காரி. அப்பா வைத்த பட்டம் அது.

அப்பா தொழில் தொடங்கிய காலத்தில் இந்தக் குடும்பம் உப்புப் போட்ட பச்சைத்தோலைக் கப்பலேற்றியது. வாங்கிய நாட்டின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. வியாபாரம் படுத்தது. அதுவரை தோல் கிடங்குக்கு ராஜாவாக இருந்த சித்தப்பாவுக்கு, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த தம்பிக்கு, வேலை போனது. இன்று அதே தொழிற்சாலையின் கேட்டில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து வந்தது குளிர்நாடு. உள்ளே கம்பளி வைத்துத் தைத்த தோல் கையுறை எத்தனை அனுப்பினாலும் வாங்கிக்கொண்ட நாடு. அந்த ஊர்ப் பாஷை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வெளியாளை வைத்தால் விலை வெளியே போய்விடும் என்று, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளை நிறுத்தி, துறைமுகத்துப் பக்கம் குடியிருந்த குளிர்நாட்டு விதவை ஒருத்தியிடம் பாடம் கேட்க அனுப்பினார் அப்பா. துபாஷியின் வாய் வழியாகத்தான் இந்த வீடு கட்டப்பட்டது, தம்பி படித்தான், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு நடந்தது.

அவளுக்கு வரன் வந்தபோதெல்லாம் ஷிப்மென்ட் நேரமாக இருந்தது. "இந்த சீசன் முடியட்டும்" என்றார்கள். சீசன்கள் முடிந்துகொண்டே இருந்தன. பிறகு வரன் வருவதும் முடிந்துபோனது.

இப்போது குளிர்நாட்டில் குளிரே குறைந்துவிட்டதாம். அந்த ஊர்ப் பணம் விழுந்தது, சுங்கவரி ஏறியது, ஆர்டர் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. தம்பி வேறு சந்தை பிடித்தான். அவன் காட்டிய படங்களில் வானம் முழுக்கக் கிரேன் நின்றதால் தொழிலாளர்கள் அதற்குக் கிரேன் நாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டட வேலைக்குத் துணிக் கையுறை வேண்டும், உள்ளங்கையில் ரப்பர் பூச்சோடு. தோல் வேண்டாம், தையல் வேண்டாம். மெஷின் பின்னித் தள்ளும், ரப்பரில் முக்கி எடுத்தால் சரக்கு ரெடி. தோல் பிரிவை மொத்தமாக எடுத்துவிட்டு ரப்பர் மெஷின் வைத்தால் ஆலையின் மொத்தச் சரக்கையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகக் கிரேன் நாட்டார் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைத்தான் போன வாரம் சாப்பாட்டு மேசையில் முதலாளியம்மா அறிவித்தார். அப்பா போனபிறகு ஆலையை நடத்துகிறவர். துபாஷிக்கும் தம்பிக்கும் அம்மா. ஆனால் அந்தச் சொல்லை அலுவலகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை.

"கம்பளிக்காரன் இன்னிக்கு வர்றான்," என்றார் முதலாளியம்மா இப்போது, நடைவழியில் நின்றபடியே. "என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?"

"இனிமே தோல் கையுறை தைக்க மாட்டோம்னு சொல்றேன்."

"அறிவு இருக்கா உனக்கு? நாம மாட்டோம்னு சொன்னா நாம விலகின கணக்கு. யார் முதல்ல விலகறாங்களோ அவங்கதான் நஷ்டஈடு கட்டணும், உங்கப்பா அப்படி எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். அவன் வாயால வேண்டாம்னு வரணும்."

"எப்படி வரும்?"

"தோல் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. இந்த வருஷம் வர்ற தோல் எல்லாம் நோய்பட்ட தோல், பனியில வெடிச்சுடும்னு சொல்லு. வேணும்னா தைச்சுத் தர்றோம், பின்னாடி எங்களைக் குத்தம் சொல்லக்கூடாதுன்னு சொல்லு. பயந்துக்கிட்டு அவனே கையெழுத்துப் போடுவான்."

"பொய்தானேம்மா இது?"

முதலாளியம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஷை தெரிஞ்சவளுக்கு எல்லாம் வார்த்தைதான். இத்தனை வருஷம் நான் சொன்னதைத்தானே சொன்னே? இன்னிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த அரிச்சந்திரன் வேஷம்? அவன் என்னை நம்ப மாட்டான், உன் தம்பியை நம்ப மாட்டான். உன்னை நம்புவான். அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கேன்."

வெச்சிருக்கேன். துபாஷி அந்தச் சொல்லை மனத்துக்குள் குளிர்நாட்டுப் பாஷையில் சொல்லிப் பார்த்தாள். அங்கே நாயை வளர்ப்பதற்கும் வண்டி வைத்திருப்பதற்கும் தனித்தனிச் சொல் உண்டு. மகளுக்கு எது பொருந்தும் என்று தெரியவில்லை.

கம்பளிக்காரர் பத்து மணிக்கு மேல் வந்தார். இவர்களிடம் கையுறை வாங்கும் குளிர்நாட்டு வியாபாரி, எவ்வளவு வெயிலானாலும் கம்பளிக் கோட்டுப் போடுகிற கிழவர். முதல் தடவை வந்தபோது முடி முழுக்கக் கறுப்பு. இன்று கோட்டுக்குள் ஆள் பாதியாக இருந்தார். வழக்கமாகக் கூட வரும் உதவியாளர் இல்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

துபாஷியைக் கண்டதும் இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டார். "உங்கள் குரலைக் கேட்டால்தான் எனக்குக் கப்பல் கரை சேர்ந்தது போல இருக்கும்," என்றார் தம்முடைய பாஷையில்.

"என்ன உளறறான்?" என்றார் முதலாளியம்மா.

"நலம் விசாரிக்கிறார்."

"மூஞ்சியைப் பாரு, சாவு வீட்டுக்கு வந்தவனாட்டம். சீக்கிரம் முடி. இந்தக் கோட்டு நாத்தம் என்னால முடியல."

துபாஷி கம்பளிக்காரர் பக்கம் திரும்பினாள். "பயணம் களைப்பாக இருந்திருக்குமே என்று அம்மா வருத்தப்படுகிறார்."

கம்பளிக்காரர் தலை குனிந்து முதலாளியம்மாவுக்கு நன்றி சொன்னார்.

இந்த மாதிரிதான் இத்தனை வருஷமும் ஓடியது. இந்தப் பக்கம் முள்ளாக வந்ததை அவள் அந்தப் பக்கம் பூவாக்கி அனுப்பினாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் நன்றி சொல்லவுமில்லை.

"நீ போய் டீ சொல்லிட்டு வா," என்றார் முதலாளியம்மா. அவள் போய் டீக்குச் சொல்லிவிட்டு வந்தபோது அம்மாவும் தம்பியும் ஏதோ பேசி முடித்திருந்தார்கள். கம்பளிக்காரர் ஒன்றும் புரியாதவர் போலச் சுவரில் இருந்த பழைய மாதிரிக் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் பொய்யைச் சொன்னாள்.

நன்றாகவே சொன்னாள். தோலில் வந்த நோய், பதனிடும்போது விழும் பொட்டு, பனியில் தையல் ஓரமாக விடும் வெடிப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பாஷையில் சரியான சொற்கள் அவளிடம் இருந்தன. ஒரு இடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை. சொல்லச் சொல்லக் கிழவரின் தோள் இறங்கியது.

"எங்கள் ஊரில் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே," என்றார். "இந்தக் குளிர்காலத்துக்கு உங்களைத்தான் நம்பியிருந்தேன்."

"என்னவாம்?"

"நம்மளை நம்பியிருந்தாராம்."

"நம்பட்டும். பேப்பரைக் குடு."

இரு தரப்பும் விலகுகிறோம், யாரும் யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று தம்பி எழுதி வைத்திருந்த காகிதத்தை அவள் வரிவரியாக மொழிபெயர்த்தாள். கம்பளிக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள் சொல்வதால் கையெழுத்துப் போடுகிறேன்," என்றார். "வேறு யார் சொன்னாலும் மாட்டேன்."

போட்டார். முதலாளியம்மா காகிதத்தை ஊதி மை காய்ந்ததா என்று பார்த்தார். டீ வருமுன்பே எழுந்துவிட்டார். வந்த டீயைக் கிழவர் நின்றபடியே குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

"முடிஞ்சுது," என்று மகனைப் பார்த்துச் சிரித்தார் முதலாளியம்மா. மகளையும் பார்த்தார். "நல்லாத்தான் பேசினே. உனக்கு இன்னொரு வேலை இருக்கு, வா."

இன்னொரு வேலை தையல் கூடத்தில் இருந்தது.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் தையல் மெஷின்கள், ஒவ்வொன்றின் கால்களும் தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. நாற்பதுக்கும் மேலே பெண்கள். கட்டை விரலைத் தைப்பதற்கு ஒரு வரிசை, விரல் இடுக்குக்கு ஒரு வரிசை, உள்கம்பளி கோப்பதற்கு ஒரு வரிசை.

"நீ சொல்லு," என்றார் முதலாளியம்மா. "கெட்ட சேதியை நல்லா சொல்ற வாய் உனக்கு."

துபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வெளிநாட்டுச் சந்தை நிலவரம் மாறிட்டு வருது. அதனால நிர்வாகம் ரொம்ப யோசிச்சு, மனசில்லாம..."

"கொஞ்சம் நில்லும்மா," என்றாள் மேஸ்திரியம்மா. தையல் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கூடத்தில் இருப்பவள். "வெள்ளைக்காரன்கிட்ட பேசற மாதிரியே எங்ககிட்டயும் பேசறே. நம்ம பாஷையில சொல்லு. நாளைக்கு வரலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

"நாளன்னிக்கு?"

துபாஷி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அடுத்தவள் அவளை அதட்டினாள். மேஸ்திரியம்மா அப்போதுதான் கோத்த நூலை ஊசியிலிருந்து உருவி, கண்டில் பொறுமையாகச் சுற்றி வைத்தாள்.

"உனக்கென்னம்மா," என்றாள், நிமிராமலே. "நீ வீட்டுப் பொண்ணு. எங்களுக்கு வேலை போனா சோறு போகும். உனக்கு வேலை போனாலும் தட்டு போகாது. அதான் இவ்வளவு அழகா சொல்ல வருது."

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அது சரிதான். இவளுக்கு எப்பவும் ஒரு தட்டு உண்டு. நாளையிலிருந்து பேக்கிங்ல நிக்கப் போறா. ஜோடி சேக்கறதுக்குப் பாஷை எதுக்கு? இடது எது, வலது எதுன்னு தெரிஞ்சா போதும்."

கூடத்தில் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். வேலை போன பெண்கள்தான். அந்த நேரத்தில் அவர்களுக்கு யாரையாவது பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. துபாஷிக்கு அது புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. நடைவழி மேசையில் நாற்காலி இல்லாமல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தன்னை நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட கிழவரின் முகம் போக மாட்டேன் என்றது. இந்த உலகத்தில் அவள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது அவர் ஒருவர்தான். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கூடவே இன்னொரு ஆசையும் இருந்தது. என்றோ ஒருநாள் அவர் சொல்லியிருந்தார், 'எங்கள் ஊருக்கு வந்தால் உங்களைப் போன்றவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்' என்று.

கேட்டில் சித்தப்பா வழி மறித்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டே? முகம் சரியில்லையே."

"கம்பளிக்காரர் தங்கியிருக்கிற லாட்ஜுக்கு."

"தனியாவா? இரு, நானும் வர்றேன். கேட்டை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க." செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "உன்னையும் பேக்கிங்குக்குத் தள்ளிட்டாங்களாமே. அங்கே ஒத்துவரலைன்னா சொல்லு, இங்க பக்கத்துல இன்னொரு ஸ்டூல் போடறேன். சந்தை மாறுற போதெல்லாம் இந்த வீட்டுல ஒருத்தர் கேட்டுக்கு வரணும்னு விதி. அடுத்து உன் தம்பி வந்தா சீட்டாடலாம்."

துறைமுகத் தெருவில் லாட்ஜ். மாடி வராந்தாவில் பெஞ்சு ஒன்று இருந்தது. சித்தப்பா அதில் உட்கார்ந்துகொண்டார். துபாஷி கதவைத் தட்டினாள்.

கம்பளிக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பனியனோடு இருந்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பெட்டி கட்டிமுடித்து ஓரமாக இருந்தது. காலையில் இருந்த துக்கத்தில் ஒரு துளி கூட முகத்தில் இல்லை.

அவள் கதவருகே நின்றபடியே, அவருடைய பாஷையில் ஒரே மூச்சாகச் சொன்னாள். "காலையில் நான் சொன்னது பொய். தோலில் நோய் இல்லை. நீங்களாக விலக வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார். என்னை மன்னித்துவிடுங்கள்."

கிழவர் சிரித்தார்.

"தெரியும். உட்காருடி," என்றார்.

துபாஷிக்குக் காதில் விழுந்தது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் அவளுடைய பாஷையில் பேசியிருந்தார்.

"என்ன முழிக்கிறே? உட்காருடி. உங்கம்மா உன்கிட்ட இப்படித்தானே சொல்றாங்க? தப்பா?"

"உங்களுக்கு... எங்க பேச்சு தெரியுமா?"

"வருஷா வருஷம் வந்து உட்கார்ந்தேன். ஒரு பேச்சை உங்கம்மா வாயில ஒரு தடவை, அதே பேச்சை உன் வாயில என் பாஷையில ஒரு தடவை. எல்லாத்தையும் ரெண்டு தடவை கேட்டேன். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்க இருக்கு?" உச்சரிப்பு வளைந்திருந்தது. சொற்களில் குறையில்லை. எல்லாம் முதலாளியம்மாவின் சொற்கள். "இன்னிக்கு என் கோட்டு நாத்தம்னாங்க. நீ பயணக் களைப்புன்னே. நீ எப்பவும் சர்க்கரை போட்டுத்தான் குடுப்பே. எனக்குச் சிரிப்பை அடக்கறதுதான் கஷ்டம்."

"அப்படின்னா ஏன் இத்தனை வருஷமும் சொல்லலை?"

"தெரியாதவன் முன்னாடிதான் எல்லாரும் உண்மை பேசுவாங்க. உங்கப்பா எந்த விலைக்கு இறங்குவார்னு அவர் வாயாலேயே கேட்டுட்டு, நான் அதுக்கும் கொஞ்சம் கீழே சொல்லுவேன். நல்ல மனுஷன். எப்பவும் இறங்குவார்."

துபாஷி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பொய்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டீங்களே?"

"நானும் விலகத்தாண்டி வந்தேன்! தோல் கையுறை எங்க ஊர்ல எவன் போடறான் இப்ப? வேற நாட்டுல செயற்கைத் தோல் பாதி விலைக்குக் கிடைக்குது. அங்க ஆர்டர் குடுத்தாச்சு. உங்களுக்கு நஷ்டஈடு கட்டணுமேன்னு ராத்திரி தூக்கம் இல்லை. ஏழை வேஷம் போட்டு வந்தேன், உதவியாள் கூட இல்லாம. பார்த்தா, உங்கம்மாவே முந்திக்கிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்திருந்தா நான் கட்டியிருப்பேன்."

அவர் அழுதது, கைக்குட்டை, 'நீங்கள் சொல்வதால்' என்றது. எல்லாம் வேஷம். இரண்டு பக்கத்துப் பொய்யும் அவள் ஒருத்தி வாய் வழியாகப் போயிருக்கிறது, அவள் மட்டும்தான் அதை உண்மை மாதிரி சுமந்திருக்கிறாள்.

ஆனாலும் கேட்டாள். கேட்காமல் எங்கே போவது?

"உங்க ஊர்ல எனக்கு ஒரு வேலை கிடைக்குமா? முன்னாடி ஒரு தடவை சொன்னீங்க."

"விருந்தாளி சொல்ற பேச்சு அது." கிழவர் பெட்டியின் வாரை இழுத்துப் பூட்டினார். "நீ பேசறது எங்க பாட்டி காலத்துப் பாஷை. அந்த விதவை கப்பலேறி வந்தப்ப என்ன பேசினாளோ அதையே கத்துக்கிட்டே. இப்ப என் கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்க நீ வாயைத் திறந்தா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. வராதே."

சற்று யோசித்துவிட்டு, "நீ டீ சொல்லப் போனப்ப உங்கம்மா தம்பிகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றார்.

"வேண்டாம்."

அவர் சொன்னார். முதலாளியம்மாவின் இழுப்பு, அந்த அலட்சியம், மூச்சு விடும் இடம் உட்பட அப்படியே சொன்னார். "'மாடி ரூமைக் காலி பண்ணி கிரேன் நாட்டுல இருந்து வர்றவங்களுக்கு கெஸ்ட் ரூம் ஆக்கிடலாம். இவளுக்கு ஸ்டோர்ல ஒரு கட்டில் போட்டா போதும். கோவிச்சுக்கிட்டு எங்க போயிடுவா? போக ஒரு இடம் இருந்தா இத்தனை வருஷம் இங்க கிடப்பாளா?'"

துபாஷி எழுந்தாள்.

"நில்லு," என்றார் கம்பளிக்காரர். குரலில் முதல்முறையாக ஒரு தயக்கம். "உனக்கு நான் தனியா எதுவும் குடுத்ததில்லை. ஒரு சேதி தர்றேன், வெச்சுக்கோ. கிரேன் நாட்டுக்காரன் சொந்த ஊர்லயே பெரிய கையுறை ஆலை கட்டறான். அவனுக்கு மெஷின் விக்கிற ஆள் என் சிநேகிதன். ஆலை ஓட ஆரம்பிக்கிற வரைக்கும்தான் உங்க சரக்கு அவனுக்கு வேணும். ரெண்டு சீசன். அதுக்கு மேல வெளியே ஒரு ஜோடி வாங்க மாட்டான். உங்கம்மா வீட்டை அடமானம் வெச்சு ரப்பர் மெஷின் வாங்கப் போறாங்களாமே? அதையும் என் முன்னாடிதான் பேசினாங்க."

துபாஷி கதவைத் திறந்தாள். பெஞ்சில் சித்தப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தட்டி எழுப்பினாள்.

திரும்பி வரும் வழியில் சித்தப்பா வாயே திறக்கவில்லை. துபாஷி அதைக் கவனிக்கவில்லை. அவள் காதில் அம்மாவின் குரல் அந்நிய உச்சரிப்போடு ஓடிக்கொண்டிருந்தது.

தையல் கூடத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் சம்பளப் பாக்கிக்காக ஒரு ஓரத்தில் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். நடுவில் மெக்கானிக் மண்டிபோட்டு, முதல் மெஷினின் காலைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி போயிருந்தே?" என்றார் முதலாளியம்மா.

"கம்பளிக்காரரை வழியனுப்ப."

"என்ன சொன்னான்? ஏதாவது சந்தேகப்படறானா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேஸ்திரியம்மாவும் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் நாளை அடமானக் கையெழுத்து விழாது. மெஷின்கள் இங்கேயே நிற்கும். வேறு தோல் ஆர்டர் பிடித்தால், ஓரத்தில் நிற்கிற இந்தப் பெண்களில் பாதிப் பேராவது மறுபடி வருவார்கள். காலையில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். சிரிக்காமல் அழுதவளும் அங்கே இருந்தாள், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்," என்றாள் துபாஷி.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"கிழவன், பாவம்," என்று முதலாளியம்மா திருப்தியோடு திரும்பினார். தம்பி போனில் கிரேன் நாட்டுக்கு ஏதோ தட்டி அனுப்பினான்.

மெக்கானிக் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "போல்ட் துருப்பிடிச்சுத் தரையோட ஒட்டிக்கிச்சும்மா. எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறப் போட்டா பத்திரமா வரும். இப்பவே வேணும்னா காலோட சேர்த்து வெட்டணும். வெட்டிட்டா இந்த மெஷினை மறுபடி மாட்டவே முடியாது, இரும்பு விலைக்குத்தான் போகும். எல்லா மெஷினுக்கும் இதே கதைதான். என்ன பண்ணட்டும்?"

முதலாளியம்மா தயங்கினார். பழைய இரும்பைக் கூட வீணாக்க மனம் வராதவர். மகனைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்தான்.

"வெட்டுங்க," என்றாள் துபாஷி.

நிதானமான குரல். சர்க்கரை இல்லாத குரல். மெக்கானிக் முதலாளியம்மாவைப் பார்க்க, அவர் தோளைக் குலுக்கினார். "அவளே சொல்லிட்டாளே. வெட்டு."

ரம்பம் இரும்பில் ஏறியது. பொறி பறந்தது. மேஸ்திரியம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மட்டும் துபாஷியின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

முதல் கால் துண்டாகி விழுந்தது. துபாஷி கூடத்தைவிட்டு வெளியே வந்தாள். வாசல் இருட்டில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நிற்கிறாரோ. அவள் தாண்டிப் போகும்போது குனிந்து, காதோடு காதாகக் கேட்டார்.

"அந்தக் கிழவன் எத்தனை சீசன்னு சொன்னான்ம்மா? ரெண்டா, மூணா? வராந்தாவுல என் காதுல சரியா விழலை."